அமெரிக்க ஹைஸ்கூலில் முதல் செமஸ்டர் முடிகிறதா? புதிதாக வந்த தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

கோடையில் அமெரிக்கா வந்து இறங்கி, பிள்ளையை ஒன்பதாவதிலோ பத்தாவதிலோ சேர்த்துவிட்டு நிமிர்வதற்குள் டிசம்பர் வந்துவிடும். வீட்டில் ஃபைனல்ஸ், ஃபைனல்ஸ் என்று பேச்சு அடிபடும். நாமும் அதை அரையாண்டுத் தேர்வு என்றே எடுத்துக்கொள்கிறோம். அரையாண்டில் கொஞ்சம் சறுக்கினாலும் பொதுத்தேர்வில் பிடித்துவிடலாம் என்பதுதானே நமக்குத் தெரிந்த கணக்கு?

இங்கே அந்தக் கணக்கு செல்லாது. பன்னிரண்டாவது முடிவில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிற பொதுத்தேர்வு அமெரிக்காவில் கிடையாது. ஒன்பதாவது முதல் ஒவ்வொரு பாடத்திலும் வாங்கிய கிரேடு டிரான்ஸ்கிரிப்ட் என்ற ஆவணத்தில் ஏறிக்கொண்டே போகும். கல்லூரிகள் முதலில் எடுத்துப் பார்ப்பது அதைத்தான். பிள்ளைக்கு எந்தத் துறை பிடிக்கிறது, அடுத்த வருடம் எந்தப் பாடங்களை எடுப்பது என்ற முடிவுகளும் இதே குளிர்கால வாரங்களில்தான் வந்து விழும். அதனால் டிசம்பர் தொடங்கி பிப்ரவரி வரை செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. இங்கே கல்வி மாநிலத்தின் கையிலும், அதற்குக் கீழே பள்ளி மாவட்டத்தின் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) கையிலும் இருக்கிறது. சில மாவட்டங்களில் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன்பே செமஸ்டர் முடிந்துவிடும். சிலவற்றில் ஜனவரி மூன்றாவது, நான்காவது வாரம் வரை இழுக்கும். நியூ ஜெர்சியில் பல பள்ளிகள் வருடத்தை நான்கு மார்க்கிங் பீரியடாகப் பிரித்து, கடைசியில்தான் ஒரே கிரேடு போடும். பக்கத்து ஊர் நண்பர் சொன்னதை அப்படியே நம்பாமல், உங்கள் மாவட்டத்தின் காலண்டரையும் பள்ளியின் பாடக் கையேட்டையும் பாருங்கள்.

படி 1: போர்ட்டலைத் திறந்து, பூஜ்ஜியங்களைத் தேடுங்கள்

பவர்ஸ்கூல், இன்ஃபினிட் கேம்பஸ், ஸ்கைவார்ட், பேரண்ட்வியூ என்று கிரேடுகளைக் காட்டும் இணையதளம் ஏதாவது ஒன்றில் பெற்றோருக்கும் கணக்கு கொடுத்திருப்பார்கள். உள்ளே போனதும் 87, 91 என்று தெரிகிற மொத்த எண்ணோடு நின்றுவிடாதீர்கள். அதை அழுத்தினால் ஒவ்வொரு ஹோம்வொர்க்கும் வினாடி வினாவும் தனித்தனியாக விரியும். அதில் மிஸ்ஸிங் என்று குறித்திருக்கிறதா என்று பாருங்கள்.

இந்தியாவில் படித்துவிட்டு வந்த பிள்ளைகள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இங்கேதான். தேர்வில் 95 வாங்குவார்கள், ஆனால் நாலு ஹோம்வொர்க்கை ஆன்லைனில் சமர்ப்பிக்காமல் விட்டிருப்பார்கள். நோட்டில் எழுதி முடித்திருப்பார்கள், கூகுள் கிளாஸ்ரூமிலோ கேன்வாஸிலோ ஏற்றியிருக்க மாட்டார்கள். அந்த நாலு பூஜ்ஜியம் கிரேடை ஒரு படி இறக்கிவிடப் போதும். தாமதமாகக் கொடுத்தாலும் பாதி மதிப்பெண்ணாவது தருகிற ஆசிரியர்கள் உண்டு, செமஸ்டர் முடியும் முன் கேட்டால்.

கேட்பது பிள்ளையாக இருக்கட்டும். ஹைஸ்கூலில் பெற்றோர் எழுதுகிற மின்னஞ்சலைவிட மாணவரே நேரில் வந்து நிற்பதற்குத்தான் மரியாதை. "மார்க் கூட்டிப் போடுங்கள்" என்று கேட்கக் கூடாது. "இந்த இரண்டு அசைன்மென்டும் விட்டுப்போயின, இப்போது கொடுத்தால் ஏற்றுக்கொள்வீர்களா? எந்தப் பாடப்பகுதியில் நான் இன்னும் உழைக்க வேண்டும்?" என்று கேட்கலாம். வெறும் சார், மேடம் என்று தொடங்காமல், ஆசிரியரின் குடும்பப் பெயருக்கு முன்னால் மிஸ்டர் அல்லது மிஸ் போட்டுப் பேசுவது இங்குள்ள வழக்கம்.

இன்னொன்றையும் வீட்டில் சொல்லி வையுங்கள். நண்பனின் ஹோம்வொர்க்கைப் பார்த்து எழுதுவதை நம் ஊரில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இங்கே அது ஒழுங்கு நடவடிக்கை வரை போகும். கொடுத்தவருக்கும் சேர்த்துத்தான்.

படி 2: எந்தப் பாடத்துக்கு எவ்வளவு நேரம் என்று கணக்குப் போடுங்கள்

ஃபைனல் தேர்வுக்கு எத்தனை சதவீதம் என்பது ஒவ்வொரு பாடத்தின் சிலபஸிலும் எழுதியிருக்கும். பொதுவாக 10 முதல் 20 சதவீதம். 20 என்றே வைத்துக்கொள்வோம். 90-ஐத் தொட்டால் ஏ கிரேடு, 80-ஐத் தொட்டால் பி.

இப்போது 86-ல் இருக்கிற பாடத்தை 90-க்குக் கொண்டுபோக ஃபைனலில் 106 வாங்க வேண்டும், அதாவது நடக்காது. 88-ல் இருந்தால் 98 வேண்டும், கஷ்டம். 89-ல் இருந்தால் 94 போதும், உட்கார்ந்து படித்தால் முடியும். இதற்கு நேர்மாறாக, 81-ல் இருக்கிற பாடத்தில் 76-க்குக் கீழே போனால் பி கிரேடு கையைவிட்டுப் போய்விடும். அப்படியானால் நேரம் போக வேண்டியது 89-க்கும் 81-க்கும்தான். 86-ஐக் கீழே விழாமல் காப்பாற்றினால் போதும், 97-ல் இருக்கிற கணக்குப் பாடத்தை நாலாவது தடவை புரட்ட வேண்டியதில்லை. எல்லாப் பாடத்தையும் ஒரே மாதிரி படிக்கச் சொல்லுகிற நம் பழக்கத்துக்கு இது கொஞ்சம் ஒவ்வாததுதான். ஆனால் ஏழு பாடத்துக்கு நாலைந்து நாளில் ஃபைனல் வரும்போது வேறு வழியில்லை.

ஏன் 89-க்கும் 90-க்கும் இவ்வளவு மல்லுக்கட்டு? ஜிபிஏ எனப்படும் கிரேடு சராசரியைப் போடும்போது எண் போய் எழுத்துதான் நிற்கும். ஏ என்றால் 4, பி என்றால் 3, சி 2, டி 1, எஃப் 0. சாதாரண வகுப்பைவிடக் கடினமான ஆனர்ஸ் பாடங்களுக்கும், கல்லூரித் தரத்திலான ஏபி பாடங்களுக்கும் பல பள்ளிகள் கூடுதல் மதிப்புத் தருகின்றன. ஏபி-யில் ஏ வாங்கினால் 5 என்பது பரவலான வழக்கம். டெக்சாஸில் பல மாவட்டங்கள் எண்ணையே வைத்துத் தரவரிசை போடுவதால் அங்கே ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் மதிப்புண்டு. அங்கே அந்தத் தரவரிசை சாதாரண விஷயம் இல்லை. மாநிலச் சட்டப்படி பள்ளியில் முதல் 10 சதவீதத்துக்குள் வருகிறவர்களுக்கு அரசுப் பல்கலைக்கழகங்களில் நேரடி இடம். ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் மட்டும் 2026 இலையுதிர்காலச் சேர்க்கை முதல் அதை 5 சதவீதமாக இறுக்கிவிட்டது.

தேர்ச்சி மதிப்பெண்ணிலும் குழப்பம் வரும். 35 எடுத்தால் பாஸ் என்று வளர்ந்தவர்கள் நாம். டெக்சாஸில் 70-க்குக் கீழே போனால் ஃபெயில். கலிபோர்னியாவில் டி வாங்கினாலும் பல பள்ளிகள் கிரெடிட், அதாவது பாடத்தை முடித்ததற்கான புள்ளி, கொடுத்துவிடும், ஆனால் கலிபோர்னியா பல்கலைக்கழகம் தன் சேர்க்கைக்கு சி அல்லது அதற்கு மேல்தான் கணக்கில் எடுக்கும். பள்ளி பாஸ் போட்டுவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. கோடையில் அந்தப் பாடத்தை மீண்டும் எடுக்க வழி உண்டா என்று உடனே கேளுங்கள்.

படி 3: கிரெடிட்டை எண்ணுங்கள்

இது அரை மணி நேர வேலை. டெக்சாஸில் அடிப்படைத் திட்டத்துக்கு 22 கிரெடிட், எண்டார்ஸ்மென்ட் எனப்படும் துறைச் சிறப்போடு முடிக்க 26. நியூ ஜெர்சியில் 120. கலிபோர்னியாவில் பெரும்பாலும் ஒரு செமஸ்டர் பாடத்துக்கு 5 கிரெடிட். அளவுகோல் வேறு வேறு என்பதால் எண்களை ஒப்பிடாதீர்கள். பட்டம் பெற என்ன வேண்டும், இதுவரை என்ன முடிந்தது, என்ன பாக்கி என்று மூன்று பத்தி போட்டு எழுதினால் போதும்.

கலிபோர்னியாவில் இருப்பவர்கள் பட்டத்துக்கான பட்டியலோடு, கலிபோர்னியா பல்கலைக்கழகம் சேர்க்கைக்குக் கேட்கும் ஏ-ஜி என்ற இன்னொரு பட்டியலையும் பார்க்க வேண்டும். ஒரு வருடப் பாடங்கள் 15: வரலாறு 2, ஆங்கிலம் 4, கணிதம் 3, அறிவியல் 2, வேற்றுமொழி 2, கலை 1, விருப்பப்பாடம் 1. இதில் நம் பிள்ளைகள் கடைசிவரை தள்ளிப்போடுவது கலைப் பாடத்தை. பன்னிரண்டாவதில் நினைவு வந்து அவசரமாக ஓவிய வகுப்பில் சேர்வார்கள்.

வேற்றுமொழிக்குத் தமிழே உதவலாம். வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் படித்ததற்குச் சில மாவட்டங்கள் கிரெடிட் தருகின்றன. சில மாவட்டங்கள் ஸ்டாம்ப் போன்ற மொழித் தேர்வை எழுதச் சொல்லும், அதில் தமிழும் உண்டு. இரண்டு மொழியில் தேர்ந்தவருக்கு சீல் ஆஃப் பைலிட்ரசி என்ற முத்திரை டிப்ளமோவில் ஏறும். கலிபோர்னியா 2011-ல் சட்டம் போட்டுத் தொடங்கியது, இன்று நாடு முழுக்கப் பரவிவிட்டது. ஊரில் எட்டாவது வரை தமிழ் படித்த பிள்ளைக்கு இது கைக்கு எட்டுகிற ஒன்று. ஸ்பானிஷ் முதல் வகுப்பில் போய் உட்காரும் முன் இதை விசாரித்துவிடுங்கள்.

படி 4: விடுமுறையில் வேலைகளைத் தேடிப் பார்க்கட்டும்

ஃபைனல்ஸ் முடிந்து இரண்டு நாள் தூங்கட்டும். அப்புறம் இதை ஆரம்பியுங்கள்.

"என்ன ஆகப் போகிறாய்?" என்ற கேள்வியை மட்டும் கேட்காதீர்கள். பதினைந்து வயதுப் பிள்ளை அதற்குச் சொல்லும் பதில் பெரும்பாலும் நாம் விரும்புகிற பதிலாகத்தான் இருக்கும். அதற்குப் பதிலாக மை நெக்ஸ்ட் மூவ் என்ற தளத்தில் இருக்கிற ஓநெட் இன்டரஸ்ட் ப்ரொஃபைலரைப் போடச் சொல்லுங்கள். அமெரிக்கத் தொழிலாளர் துறை நடத்துவது, இலவசம், கணக்கு தொடங்கவும் தேவையில்லை. 60 கேள்விகள். சமையலறை அலமாரி செய்யப் பிடிக்குமா, புது மருந்தை உருவாக்கப் பிடிக்குமா என்கிற ரகத்தில் கேட்டுக்கொண்டே போகும். உளவியலாளர் ஜான் ஹாலண்ட் வகுத்த ஆறு வகை ஆர்வங்களை ஒட்டி முடிவு சொல்லும்: கையால் செய்வது, ஆராய்வது, கலை, மனிதரோடு பழகுவது, வணிகம் நடத்துவது, ஒழுங்குபடுத்துவது. எவ்வளவு படிப்பும் பயிற்சியும் வேண்டும் என்பதற்கேற்ப ஐந்து நிலைகளாகப் பிரித்து வேலைகளைக் காட்டும்.

இது ஜாதகம் இல்லை. வருகிற பட்டியலில் பிள்ளை கேள்விப்படாத வேலைகள் நாலைந்தாவது இருக்கும், அதுதான் பயன். அவற்றில் மூன்றைத் தேர்ந்தெடுத்து, தொழிலாளர் புள்ளியியல் அலுவலகத்தின் ஆக்குபேஷனல் அவுட்லுக் ஹேண்ட்புக்கில் தேடிப் பார்க்கட்டும். ஒவ்வொரு வேலைக்கும் அன்றாடம் என்ன செய்வார்கள், என்ன படிக்க வேண்டும், நடுநிலைச் சம்பளம் எவ்வளவு, வரும் பத்தாண்டில் அந்த வேலை பெருகுமா குறையுமா என்று இருக்கும். நடுநிலைச் சம்பளம் என்பது பாதிப்பேர் அதற்கு மேலும் பாதிப்பேர் கீழும் வாங்குகிற எண். யூடியூபில் சொல்கிற சம்பளத்துக்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பிள்ளையே பார்த்துக்கொள்ளும்.

பெற்றோரும் சேர்ந்து படிக்க வேண்டிய பகுதி, எந்த வேலைக்கு எந்த வழி என்பது. நம் தலையில் இருக்கும் வரைபடம் ஊர் வரைபடம். அங்கே ப்ளஸ் டூ, நீட், எம்பிபிஎஸ். இங்கே பன்னிரண்டாவது முடித்தவுடன் மருத்துவம் கிடையாது. முதலில் நாலு வருடப் பட்டம், எம்கேட் என்ற மருத்துவ நுழைவுத் தேர்வு, நாலு வருட மருத்துவப் பள்ளி, அதற்கு மேல் துறையைப் பொறுத்து மூன்று முதல் ஏழு வருட ரெசிடென்சி எனப்படும் மருத்துவமனைப் பயிற்சி. பள்ளியிலிருந்து நேரே மருத்துவ இடத்தையும் உறுதிசெய்யும் இணைப்புப் படிப்புகள் உண்டு, ஆனால் மிகக் குறைந்த இடங்கள். சட்டமும் அப்படியே, பட்டத்துக்குப் பிறகு மூன்று வருடம். நர்ஸ் ஆக இரண்டு வருட அசோசியேட் பட்டமோ நாலு வருடப் பட்டமோ முடித்து, உரிமத்துக்கான என்கிளெக்ஸ் தேர்வு எழுத வேண்டும். எலக்ட்ரீஷியன் ஆக நாலைந்து வருடம் சம்பளத்தோடு பயிற்சி.

கடைசி இரண்டைப் படிக்கும்போது முகம் சுளிக்கிறவர்கள் நம்மிடையே உண்டு. அதே காரணத்தால்தான் சிடிஇ எனப்படும் தொழிற்கல்விப் பாடங்களை நம் ஆட்கள் தொடுவதில்லை. என் கருத்தில் அது வீண் பிடிவாதம். உடல்நல அறிவியல், பொறியியல் வடிவமைப்பு, சைபர் பாதுகாப்பு, சமையற்கலை என்று அரசுப் பள்ளியிலேயே இலவசமாக நல்ல கருவிகளோடு சொல்லித் தருகிறார்கள். சில பள்ளிகளில் நர்சிங் உதவியாளர் சான்றிதழே வாங்கிவிடலாம். டாக்டராக ஆசைப்படும் பெண் முதியோர் இல்லத்தில் படுக்கையில் கிடப்பவருக்குச் சோறு ஊட்டிப் பார்த்தால், அந்த ஆசை நிஜமா இல்லையா என்று ஒரே செமஸ்டரில் தெரிந்துவிடும். எட்டு வருடப் படிப்புக்குப் பிறகு தெரிவதைவிட அது நல்லதில்லையா?

அப்புறம் மனிதர்களைப் பார்க்க வேண்டும். தமிழ்ச் சங்கத்திலும் கோவிலிலும் நமக்குத் தெரிந்தவர்களில் பாதிப்பேர் கணினித் துறையினர்தான். அந்த வட்டத்துக்கு வெளியே ஒருவரைத் தேடுங்கள்: பல் மருத்துவமனை வைத்திருப்பவர், பள்ளியின் பேச்சுப் பயிற்சியாளர், நகராட்சிப் பொறியாளர். இருபது நிமிடம் போதும். "நேற்று காலையிலிருந்து மாலை வரை என்ன செய்தீர்கள் அங்கிள்?" என்று பிள்ளை கேட்கட்டும். "இந்த வேலையில் பிடிக்காதது எது?" என்றும் கேட்கட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பதிலை முடித்துவைக்காதீர்கள். ஒத்துவந்தால் ஒரு நாள் கூடவே இருந்து பார்க்க அனுமதி கேட்கலாம்.

படி 5: விசாவை ஒளிக்காமல் பேசுங்கள்

எச்-1பி விசாவில் வந்த குடும்பங்களில் பிள்ளைகள் எச்-4 எனப்படும் சார்ந்திருப்போர் விசாவில் இருப்பார்கள். எச்-4-ல் இருக்கும் பிள்ளை சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது. கடையில் பகுதிநேர வேலை, சம்பளம் தரும் கோடைகால இன்டர்ன்ஷிப் இரண்டும் கூடாது. சில வாழ்க்கைத்துணைகளுக்குக் கிடைக்கும் வேலை அனுமதி பிள்ளைகளுக்குப் பொருந்தாது. நூலகம், லாப நோக்கமற்ற மருத்துவமனை, உணவு வங்கி போன்ற இடங்களில் தன்னார்வப் பணி செய்யலாம். கல்லூரிக்கான மத்திய அரசு நிதியுதவி, அதாவது ஃபாஃப்சா வழியாக வருவது, எச்-4 மாணவருக்குக் கிடைக்காது. 21 வயதானால் எச்-4 தகுதி முடிந்துவிடும், பெரும்பாலானோர் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறுகிறார்கள். மாநிலப் பல்கலைக்கழகத்தில் உள்ளூர்க் கட்டணமா வெளியூர்க் கட்டணமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

வகுப்புத் தோழர்கள் எல்லாரும் வேலைக்குப் போகும்போது தனக்கு மட்டும் ஏன் முடியாது என்று பிள்ளைக்குப் பத்தாவதிலேயே தெரிந்திருப்பது நல்லது. கோடைகாலப் பயிற்சித் திட்டங்களுக்கு விண்ணப்பிக்கும் முன்னும் தகுதிப் பகுதியை முதலில் படியுங்கள். சில குடியுரிமையோ கிரீன் கார்டோ கேட்கும். நல்ல திட்டங்கள் பலவற்றுக்கு டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் கடைசித் தேதி முடிந்துவிடும். ஆயிரக்கணக்கில் டாலர் வாங்கிக்கொண்டு பெரிய பல்கலைக்கழக வளாகத்தில் இரண்டு வாரம் தங்கவைக்கும் முகாம்களும் விளம்பரத்தில் வரும். வளாகம் பார்க்க ஆசை என்றால் போகலாம், சேர்க்கையில் அதற்குப் பெரிய எடை இல்லை.

படி 6: அடுத்த வருடப் பாடங்களைத் தேர்ந்தெடுங்கள்

ஜனவரி முதல் மார்ச்சுக்குள் இதற்கான படிவம் வரும். பாடத் தேர்வுக்கு வழிகாட்டும் பள்ளிக் கவுன்சிலரோடு ஒரு சின்னச் சந்திப்பும் இருக்கும். அமெரிக்கப் பள்ளி கவுன்சிலர்கள் சங்கம் ஒரு கவுன்சிலருக்கு 250 மாணவர்கள் என்று பரிந்துரைக்கிறது, ஆனால் பல பள்ளிகளில் அதற்கு மேல்தான். அதனால் கிடைக்கும் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு எழுதிக்கொண்டு போக வேண்டும்: படி 3-ல் போட்ட கிரெடிட் தாள், படி 4-ல் பிடித்த இரண்டு மூன்று துறைகள், முடிவு தெரியாத இரண்டு கேள்விகள்.

கணிதப் பாதையை முதலில் கேளுங்கள். அல்ஜிப்ரா 1, ஜியாமெட்ரி, அல்ஜிப்ரா 2, ப்ரீகால்குலஸ், கால்குலஸ் என்று வரிசை போகும். ஊரிலிருந்து வந்த பிள்ளையைச் சில சமயம் ஏற்கெனவே படித்த பாடத்தில் உட்கார வைத்துவிடுவார்கள். பழைய மதிப்பெண் சான்றிதழும் பாடத்திட்டமும் காட்டி, நிலைத் தேர்வு எழுத முடியுமா என்று கேட்கலாம். பொறியியல் பக்கம் போகிற எண்ணம் இருந்தால் பன்னிரண்டாவதில் கால்குலஸைத் தொட்டுவிடுவது நல்லது.

ஏபி எத்தனை என்பதுதான் நம்மவர்களின் பெரிய போட்டி. ஏபி வகுப்பின் கிரேடு வேறு, மே மாதத்தில் காலேஜ் போர்டு நடத்தும் ஏபி தேர்வு வேறு. தேர்வுக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண், 3 அல்லது அதற்கு மேல் வாங்கினால் பல கல்லூரிகள் கிரெடிட் தரும். ஒன்பதாவதிலிருந்து வந்த பிள்ளைக்கு, ஆங்கில வழக்கமும் பள்ளி முறையும் இன்னும் பழகாத நிலையில், பத்தாவதில் ஒன்றிரண்டு போதும். ஐந்து ஏபி எடுத்து மூன்றில் சி வாங்குவதால் யாருக்கும் லாபமில்லை. இப்போது எடுத்திருக்கிற ஏபி தாங்கவில்லை என்றால் செமஸ்டர் முடிவுதான் சாதாரண வகுப்புக்கு இறங்கச் சரியான நேரம். இறங்கினால் பழைய கிரேடு கூடவே வருமா, டிரான்ஸ்கிரிப்டில் எப்படிப் பதிவாகும் என்று கேட்டுவிட்டு இறங்குங்கள்.

பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் ஹைஸ்கூலிலேயே பாடம் எடுக்கும் டூயல் என்ரோல்மென்ட்டும் நல்ல வழி, செலவும் குறைவு. ஆனால் அங்கே வாங்கும் கிரேடு நிரந்தரக் கல்லூரிப் பதிவில் ஏறும். விளையாட்டாகச் சேர்ந்து பாதியில் விடக் கூடாது.

பதினொன்றாவதில் இருப்பவர்கள் இந்தச் செமஸ்டரிலேயே எந்த ஆசிரியரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்கலாம் என்று யோசித்துவைக்கட்டும். பன்னிரண்டாவதில் இருப்பவர்களுக்கு ஒரே ஒரு விஷயம்: முதல் செமஸ்டர் கிரேடுகளைக் கவுன்சிலர் குளிர்காலத்தில் கல்லூரிகளுக்கு அனுப்புவார், வருட முடிவில் இறுதி டிரான்ஸ்கிரிப்டும் போகும். இடம் கிடைத்துவிட்டது என்று கையை விட்டுவிட்டால் அந்த இடத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் கல்லூரிக்கு உரிமை உண்டு.

படி 7: டிரான்ஸ்கிரிப்டைக் கையில் வாங்கிச் சரிபாருங்கள்

கிரேடுகள் இறுதியாகி ஒன்றிரண்டு வாரத்தில் அதிகாரபூர்வமற்ற பிரதி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள், இலவசமாகவே தருவார்கள். பெயரின் எழுத்துகள் பாஸ்போர்ட்டில் இருப்பது போல இருக்கிறதா? இனிஷியல் குடும்பப் பெயராகிவிட்டதா? இந்தியாவில் படித்த ஒன்பதாவது வகுப்புக்குக் கிரெடிட் ஏறியிருக்கிறதா, எந்தப் பாடங்களாக ஏறியிருக்கிறது? ஆனர்ஸ் பாடங்கள் ஆனர்ஸ் என்று குறிக்கப்பட்டிருக்கின்றனவா? தப்பு இருந்தால் சான்றிதழ்களின் பிரதியோடு பள்ளிப் பதிவாளரிடமும் கவுன்சிலரிடமும் எழுத்தில் கேளுங்கள். கிரேடைத் திருத்தக் கோருவதற்குப் பல மாவட்டங்களில் காலக்கெடு உண்டு, அதனால் இதைக் கோடை விடுமுறைக்குத் தள்ளாமல் பிப்ரவரிக்குள் முடித்துவிடுங்கள்.